சிசிலித் தீவில் இரவுகள்: ஜூலையில் போகிறோம், எங்கே இறங்கலாம்?

காவிரிக் கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் நாங்க நாலு பேர் (நான், மனைவி, நண்பன், அவன் மனைவி) ம்யூனிக்லேர்ந்து கிளம்பி மத்தியதரைக் கடல்ல ஏதாவது ஒரு தீவுல ஒரு வாரம் இருக்கலாம்னு திட்டம். பகல்ல கடல், தூக்கம். ராத்திரிதான் எங்களுக்கு முக்கியம். ஆபீஸ், குளிர், மழைன்னு வருஷம் பூரா சீக்கிரம் படுத்தே பழகிட்டோம். இந்த ஒரு வாரமாவது ஊரோட சேர்ந்து முழிச்சிருக்கணும்.

நண்பன் ஸ்பெயின்ல இருக்கற இபிசாத் தீவுங்கறான். எனக்கு சிசிலி மேல ஆசை. அங்க இரவு வாழ்க்கைன்னு சொல்ற அளவுக்கு இருக்கா? நான் குடிக்க மாட்டேன். நண்பன் மனைவி சுத்த சைவம். அர்த்த ராத்திரில பெண்கள் நிம்மதியா நடக்க முடியுமா? போனவங்க, அங்கேயே இருக்கறவங்க சொல்லுங்க.

நீலக்கடல்

கார்த்தி, உங்க நண்பர் கேக்கறது நியாயம்தான். ஆட்டம்தான் வேணும்னா இபிசாவுக்கு ஈடு கிடையாது. பாச்சாங்கற கிளப் 1973லேர்ந்து நடக்குது. அம்னேசியா, ஹை எல்லாம் ஒலி அமைப்புக்காகவே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். டிஜேங்கற ஆளை நட்சத்திரமா ஆக்கினதுல அந்தத் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு செலவு. ஜூலைல பெரிய கிளப்புக்கு நுழைவுச் சீட்டு, உள்ள குடிதண்ணீர், திரும்ப டாக்ஸின்னு ஒரே ராத்திரில ஒரு ஆளுக்கு நூறு யூரோவைத் தாண்டிடும். இன்னொண்ணு, அங்க ராத்திரிங்கறது ஒரு அரங்கத்துக்குள்ள நடக்கற விஷயம். ஒரு மணிக்கு மேலதான் கூட்டம் சேரும், ஆறு மணிக்கு வெளிய வருவீங்க. குடிக்காத ஆளும் சைவமும் சேர்ந்து போற குழுவுக்கு அது ஒத்து வருமான்னு யோசிங்க. ஒரு ராத்திரி பிரமாதமா இருக்கும். ஏழு ராத்திரி தாங்காது.

யாழ்த் தென்றல்

வணக்கம் தம்பி. நான் சிசிலியின்ர தலைநகர் பலேர்மோவில கனகாலமா இருக்கிறன். பிள்ளையள் இஞ்சதான் பிறந்து வளந்தவை. எங்கட ஈழத்துச் சனம் எண்பதுகளில இருந்தே இந்த ஊருக்கு வந்து குடியேறினதுகள், அதால ஊரை உள்ளுக்குள்ள இருந்து தெரியும். கொஞ்சம் நீட்டா எழுதுறன், குறை நினையாதேங்கோ.

முதல் ஒண்டு சொல்லுறன். சிசிலியில இரவு வீதியிலதான் இருக்கு. இதை விளங்கிக்கொண்டு வந்தால் உங்களுக்கு ஒரு குறையும் வராது. கிளப்பைத் தேடி வந்தால் "என்ன இது, ஒண்டுமில்லையே" எண்டு திரும்பிப் போவீங்கள். டிக்கெட் இல்லை, வாசலில நிண்டு ஆளைப் பாத்து உள்ள விடுறவன் இல்லை. சதுக்கத்தில நிக்கிற சனம்தான் கொண்டாட்டம்.

அடுத்தது நேரம். ஜூலையில பொழுது படவே எட்டரையாகும். சனம் குளிச்சு வடிவா உடுத்திக்கொண்டு ஏழரை, எட்டுக்குத்தான் வெளியில இறங்கும். அப்ப மாஸ்ஸிமோ தியேட்டருக்கு முன்னால போய் நில்லுங்கோ. 1897இல திறந்தது, இத்தாலியிலேயே பெரிய ஒப்பெரா மாளிகை. அதில இருந்து மாக்கேதா வீதியால குவாத்ரோ கான்தி சந்தி மட்டும் வாகனம் இல்லை, முழுக்க நடைதான். கிழவன் கிழவி, கைக்குழந்தை வண்டில், ஐஸ்கிறீமோட பெடியள், எல்லாரும் அந்த வீதியில மெல்ல மெல்ல நடப்பினம். ஒருத்தரும் எங்கயும் போறதுக்காக நடக்கிறேல்லை. நீங்களும் அப்பிடியே நடக்க வேணும்.

ஒன்பதரைக்கு முந்திச் சாப்பிடக் குந்தாதேங்கோ. ஏழு மணிக்குச் சாப்பாடு வைக்கிற இடம் வெளிநாட்டாருக்கெண்டே நடத்துறது, காசும் கூட, கறியும் சரியில்லை. பத்தரை, பதினொண்டுக்குப் பிறகுதான் வுச்சிரியாவுக்குள்ள இறங்குங்கோ. பகலில அது வாடிப்போன பழைய சந்தை, நாலைஞ்சு மீன்கடையும் கொஞ்சம் மரக்கறிக்கடையும். இரவில அதே கல்லுத் தரையில கால் வைக்க இடமிராது. காராஃபெல்லோ சதுக்கப் பக்கத்தில 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில இடிஞ்சு, கனகாலமா அப்பிடியே கிடந்த கட்டிடங்கள். அந்தச் சுவருக்குக் கீழ பாட்டுப் பெட்டியை வச்சு ஆட்டம் நடக்கும்.

அங்க ஸ்டிக்கியோலா சுடுறவனைக் கட்டாயம் பாக்க வேணும். ஆட்டுக்குடலை நல்லாக் கழுவி, வெங்காயத் தாளைச் சுத்திக் கட்டி, கரி நெருப்பில போடுவான். கொழுப்பு ஒழுகி நெருப்பில விழ, வெள்ளைப் புகை ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி, அவன்ர முகமே தெரியாமல் போகும். ஒரு கையால விசிறிக்கொண்டு மற்றக் கையால திருப்புவான். வெந்தவுடன கத்தியால டக் டக்கெண்டு வெட்டி, உப்பும் எலுமிச்சம் புளியும் விட்டு ஒரு கடுதாசியில தருவான். நிண்டபடி சாப்பிடுறது. குடல்கறி தின்னிற வீட்டில பிறந்தவைக்கு இது தேவாமிர்தம்.

சைவத்துக்கும் பெண்பிள்ளையளின்ர விசயத்துக்கும் பிறகு வந்து எழுதுறன், வேலைக்கு வெளிக்கிட வேணும்.

காவிரிக் கார்த்தி

அக்கா, ரொம்ப நன்றி. இதைப் படிச்சதும் நண்பன் பாதி மனசு மாறிட்டான். கூட்டத்துல நின்னுக்கிட்டே இருந்தா பெண்களுக்கு அலுப்பா இருக்காதா, உக்கார இடம் உண்டா?

எட்னா அடிவாரம்

நான் கத்தானியால படிக்கறேன், சொந்த ஊர் கோயம்புத்தூர். தீவோட கிழக்குப் பக்கம் பத்தி நான் சொல்றேன். பலேர்மோ மட்டும் பார்த்துட்டுப் போயிடாதீங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ல மூணு மணி நேரத்துக்குள்ளதான்.

கத்தானியாவுல 1434லேயே பல்கலைக்கழகம் தொடங்கிட்டாங்க, இன்னைக்கும் இது மாணவர் ஊர்தான். கட்டடமெல்லாம் எரிமலைக் கல்லுல கட்டினது, கறுப்பா இருக்கும். அதுமேல மஞ்சள் விளக்கு விழும்போது வேற அழகு. பெல்லினி தியேட்டர் இருக்கற சதுக்கமும் சுத்தி இருக்கற சந்துகளும்தான் எங்க ராத்திரி. உக்கார இடமும் நிறைய. அதிர்ஷ்டம் இருந்தா எட்னா எரிமலை உச்சில சிவப்பா ஒரு கோடு தெரியும். அந்த மாதிரி நாள்ல ஊரே மாடிக்கு ஏறிடும்.

குடிக்காதவங்களுக்கு இந்த ஊர் சொர்க்கம்னே சொல்வேன். சதுக்கங்கள்ல கியோஸ்க்னு சின்னச் சின்ன பானக் கடைங்க, பல கடை நடுராத்திரி தாண்டியும் திறந்திருக்கும். அங்க "செல்ட்ஸ், லிமோனே, சாலே"ன்னு கேளுங்க. ரெண்டு எலுமிச்சம்பழத்தை பெரிய இரும்பு நெம்புகோல்ல வச்சு ஒரே அழுத்து, சாறு கிளாஸ்ல இறங்கும், குழாய்ல சோடா பீச்சி அடிப்பாங்க, மேல ஒரு ஸ்பூன் உப்பு. உப்பு போட்டதும் குபுகுபுன்னு நுரைச்சு வழியும், அதுக்குள்ள குடிச்சிடணும். நம்ம ஊர்ல வெயிலுக்குக் குடிக்கற உப்புச் சோடாவேதான்! கடைக்கு முன்னால சூட் போட்டவரும் டெலிவரிப் பையனும் பக்கத்துல பக்கத்துல நின்னு அதைத்தான் குடிச்சிட்டிருப்பாங்க.

கிளப் கண்டிப்பா வேணும்னா, கோடைல எல்லாம் கடற்கரைக்குப் போயிடும். ஊருக்குத் தெற்கே பிளாயா மணல் கரைல பகல்ல குடை வாடகைக்கு விடற இடங்களே சனிக்கிழமை ராத்திரி ஆட்ட மேடை ஆகிடும். உங்க நண்பரோட ஆசைக்கு அங்க ஒரு ராத்திரி ஒதுக்குங்க.

சைவச் சமையல்

நான் சைவம், சிசிலி போயிருக்கேன், அதனால சொல்றேன். பட்டினி கிடக்க மாட்டீங்க, ஆனா கேட்டுக் கேட்டுச் சாப்பிடணும்.

பலேர்மோ தெருக்கடைல பனெல்லேன்னு கிடைக்கும். கடலை மாவைத் தண்ணில கிண்டி, ஆற வச்சு, மெல்லிசா வெட்டிப் பொரிச்சது. எள்ளு போட்ட ரொட்டில வச்சு எலுமிச்சை பிழிஞ்சு குடுப்பாங்க. கூடவே கட்சில்லி, உருளைக்கிழங்கு உருண்டை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சூடாக் கிடைக்கும். ஆனா அதே எண்ணெய்ல வேற என்ன பொரிக்கறாங்கன்னு கேட்டுக்கோங்க.

ஸ்ஃபின்ச்சோனேன்னு தக்காளி வெங்காயம் போட்ட தடிமனான ரொட்டி பார்க்க சைவம் மாதிரியே இருக்கும், உள்ள நெத்திலி அரைச்சுப் போட்டிருப்பாங்க. அரன்சினாங்கற பொரிச்ச சோத்து உருண்டை வாங்கும்போதும் உள்ள இறைச்சியா, வெண்ணெய் மட்டுமான்னு கேளுங்க. வெண்ணெய்ங்கறதுலயும் பல கடைல பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கத்தரிக்காய், தக்காளி, உலர்ந்த ரிக்கொட்டாப் பாலாடைக்கட்டி சேர்த்த நோர்மா பாஸ்தா எந்த ஊர்லயும் கிடைக்கும். கத்தரிக்காய் பிடிக்கும்னா தினமும் அதையே சாப்பிடலாம், நான் அப்படித்தான் சாப்பிட்டேன்.

யாழ்த் தென்றல்

சைவச் சமையல் சொன்னது முழுக்கச் சரி. நான் மற்ற விசயத்துக்கு வாறன்.

பெண்பிள்ளையள். நான் இரவு வேலை முடிச்சு நடந்து வீட்டை போறனான், என்ர மகளும் சிநேகிதியளோட ஒரு மணி, ஒன்றரை மட்டும் வெளியில நிக்கிறவள். மாக்கேதா வீதி, சாந்தன்னா சதுக்கம், கியாவெத்தியேரி வீதி, கல்சாவில மஜோனே சதுக்கம், இதெல்லாம் குடும்பமாச் சனம் நிக்கிற இடங்கள். பயமில்லை. உக்கார வேணுமெண்டால் சாந்தன்னாவுக்குப் போங்கோ, கதிரை மேசை போட்டிருக்கும். சனம் கலைஞ்சாப் பிறகு ஸ்ரேசன் பக்கத்து ஒடுங்கின ஒழுங்கையளாலயும் பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கத்தாலயும் தனிய நடக்க வேண்டாம். டாக்ஸியைப் போனில கூப்பிடுங்கோ, கை காட்டி நிப்பாட்டுறது இஞ்ச வழக்கமில்லை. கிளாசை மேசையில விட்டிட்டு ஆடப் போகாதேங்கோ, திரும்பி வந்து அதைத் தொடவும் வேண்டாம். வுச்சிரியா நெரிசலில போனைப் பின் பொக்கற்றில வைக்காதேங்கோ. ஆண்கள் சிலபேர் வந்து கதை குடுப்பினம், "நோ கிராட்ஸியே" எண்டு சொல்லிப்போட்டு நடந்தால் விட்டிடுவினம். விடாட்டில் பக்கத்துக் கடைக்குள்ள ஏறுங்கோ. அவசரத்துக்கு 112.

கார் எடுக்கிறதெண்டால் ஒண்டு. இத்தாலியில கார் ஓட்டுறவையின்ர இரத்தத்தில மது லீற்றருக்கு 0.5 கிராம்தான் எல்லை, லைசென்ஸ் எடுத்து மூண்டு வருசம் ஆகாதவைக்கு ஒரு சொட்டும் கூடாது. பழைய நகரத்துக்குள்ள அனுமதியில்லாத காரைக் கமரா பிடிச்சு, பிறகு வீட்டுக்குத் தண்டம் வரும். கார்த்தித் தம்பி குடிக்கிறேல்லை எண்டாலும் காரை வெளியில விட்டிட்டு நடக்கிறதுதான் நல்லது. மதுக்கடையளில விடிய மூண்டு மணிக்கு மேல விக்கக் கூடாது எண்டது சட்டம்.

இப்ப மனசுக்குக் கிட்டின ஒரு விசயம். இந்த ஊரில கடை வச்சிருக்கிறவையிட்ட மாஃபியா கப்பம் வாங்கிறது பழைய வியாதி. 2004ஆம் ஆண்டு கொஞ்சப் பெடியள் சேந்து ஒரு மதுக்கடை திறக்கக் கணக்குப் பாத்தவை. பாக்கேக்க கப்பத்துக்கும் ஒரு தொகை எழுத வேண்டி வந்தது. அவை என்ன செய்தவை தெரியுமோ? ஒரு இரவுக்குள்ள ஊர் முழுக்கச் சின்னச் சின்ன நோட்டீசு ஒட்டிப்போட்டினம். கப்பம் கட்டுற ஒரு முழுச் சனமும் மானமில்லாத சனம் எண்டு எழுதி. விடிய எழும்பி வந்த ஊர் திகைச்சுப் போச்சுது. அதில இருந்து வளந்ததுதான் அடியோபீட்சோ எண்ட இயக்கம். கப்பம் குடாத கடையள் அதின்ர ஸ்ரிக்கரைக் கண்ணாடியில ஒட்டியிருக்கும். ரெண்டு கடை பக்கத்தில பக்கத்தில இருந்தால் ஸ்ரிக்கர் உள்ள கடையில உங்கட காசைச் செலவழியுங்கோ. இரவு வாழ்க்கை எண்டு கேட்டீங்கள், அந்த இரவு ஆற்ற கையில இருக்கிறது எண்டதும் அதுக்குள்ள வருது.

பல்லரோ ஜன்னல்

எல்லாரும் நல்லா எழுதியிருக்கிறீங்கள். நானும் பலேர்மோதான், பல்லரோவுக்குக் கிட்ட மூண்டாம் மாடி. கோபமில்லாமல் ஒரு விசயம் சொல்ல வேணும்.

நான் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ஹொட்டேல் வேலைக்குப் போறவன். கோடையில வியாழன் தொடங்கி ஞாயிறு மட்டும் இரண்டரைக்கு முன்னம் நித்திரை இல்லை. ஜன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் கீழ பாட்டுப் பெட்டி. நகரசபை பாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு போடும், ரெண்டு கிழமை அமைதியா இருக்கும், பிறகு பழையபடி. எங்கட கட்டிடத்தில குடும்பங்கள் ஒவ்வொண்டா வெளிக்கிட, அந்த வீடெல்லாம் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்குப் போகுது. ஊருக்குக் காசு வருகுது எண்டது உண்மைதான், நானும் அந்தக் காசிலதான் சீவிக்கிறன்.

வாங்கோ, ஆடுங்கோ, சந்தோசமா இருங்கோ. ஆனால் ஒரு மணிக்குப் பிறகு வீட்டுச் சுவர்களுக்குக் கீழ நிண்டு கத்தாமல், திறந்த சதுக்கத்துக்கோ கடற்கரைப் பக்கமோ போங்கோ. போத்திலைக் கல்லில உடைச்சுப்போட்டுப் போகாதேங்கோ, விடிய அந்தக் கண்ணாடியில காலை வைக்கிறது எங்கட பிள்ளையள்.

நீலக்கடல்

அண்ணா, இதே பேச்சு இபிசா இருக்கற பலேரிக் தீவுகள்லயும் பல வருஷமா ஓடுது. 2020ல சட்டமே கொண்டு வந்தாங்க. இபிசாவுல சாந்த் அந்தோனி மேற்கு முனையும், மயோர்க்காவுல ரெண்டு பகுதியும் அதுக்குள்ள வந்தது. மலிவு விலை மது நேரம், கடை கடையா கூட்டிட்டுப் போய்க் குடிக்க வைக்கற சுற்றுலா, ராத்திரி 9.30க்கு மேல பலசரக்குக் கடைல மது, எல்லாத்துக்கும் அங்க தடை. இந்த விஷயத்துல நான் உங்க பக்கம்தான். தங்கறவங்க தூங்க முடியாத ஊர்ல கொண்டாட்டமும் நிலைக்காது.

எட்னா அடிவாரம்

நான் கொஞ்சம் மாறுபடறேன். கத்தானியாவுல அந்தச் சந்துக் கூட்டம் இல்லாட்டி மாணவங்களுக்குப் போக்கிடமே கிடையாது. கிளப்புக்குக் குடுக்கக் காசு இல்லாதவன் மூணு யூரோ பியரோட நாலு மணி நேரம் நண்பர்களோட நிக்கற இடம் தெருதான். அதையும் மூடினா ராத்திரி பணக்காரங்களுக்குன்னு ஆயிடும். சத்தத்தைக் குறைக்கணும், சரி. கூட்டத்தை விரட்டக் கூடாது.

பல்லரோ ஜன்னல்

தம்பி, விரட்டச் சொல்லேல்லை. கூட்டம் இருந்தால்தான் ஒழுங்கையில பயமில்லாமல் என்ர மனிசி நடந்து வாறா, அதுவும் எனக்குத் தெரியும். பெட்டியை மட்டும் நிப்பாட்டுங்கோ. வாயால பாடினால் நான் ஜன்னலில வந்து நிண்டு கேப்பன்.

யாழ்த் தென்றல்

கார்த்தித் தம்பி, நீங்கள் ஜூலை இரண்டாம் கிழமை எண்டு எழுதினதை இப்பதான் வடிவாக் கவனிச்சன். அப்ப ஜூலை 14 இரவு கட்டாயம் பலேர்மோவில நில்லுங்கோ! ஊரின்ர காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின்ர திருவிழா, ஃபெஸ்தினோ எண்டு சொல்லுவினம். 1624இல ஊரைக் கொள்ளைநோய் பிடிச்சு ஆட்டின நேரம் அவவின்ர எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாக் கொண்டு போக நோய் விட்டதெண்டது நம்பிக்கை. 2024இல 400ஆவது ஃபெஸ்தினோ கொண்டாடினவை.

கப்பல் மாதிரிப் பெரிய தேர், உச்சியில ரொசாலியாவின்ர உருவம். கதீட்ரலடியில இருந்து இறங்கிக் கடல் பக்கம் போகும். குவாத்ரோ கான்தியில தேர் நிக்க, மேயர் மேல ஏறி "விவா பலேர்மோ எ சாந்தா ரொசாலியா!" (பலேர்மோவும் சாந்தா ரொசாலியாவும் வாழ்க) எண்டு கத்துவார், முழுச் சனமும் திருப்பிக் கத்தும். எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர் கூச்செறியும். பிறகு ஃபோரோ இத்தாலிக்கோ கடற்கரையில நடுச்சாமத்தை ஒட்டி வாணவேடிக்கை. வழி முழுக்க உள்ளியும் பாசிலியும் போட்டு வதக்கின சின்ன நத்தை, அவிச்ச சோளன், வத்தகப்பழம், வறுத்த கடலை, பூசணி விதை எல்லாம் விப்பினம். நத்தையை உறிஞ்சித்தான் தின்ன வேணும், சத்தம் வந்தாலும் ஒருத்தரும் பாக்க மாட்டினம்.

எங்கட சனத்துக்கு இவ சொந்தத் தெய்வம் மாதிரி. பெல்லெகிரினோ மலையில இருக்கிற அவவின்ர குகைக் கோயிலுக்குச் சைவ சமயத்தவரும் கத்தோலிக்கரும் ஒண்டாத்தான் ஏறுறம். செப்டெம்பர் 4 நெருங்க, இரவிரவா நடந்து மலையேறுற ஊர்ச்சனத்தோட நாங்களும் இருப்பம். அது வேற மாதிரி இரவு, பாட்டும் செபமும் வேர்வையும். ஜூலையில வாறவைக்கு அது கிடையாது, ஆனால் பின்னேர வெயில் தணிய கோயில் மூடுறதுக்கு முன்னம் ஒருக்கா மேல போய் வாங்கோ. கீழ முழு ஊரும் தெரியும்.

காவிரிக் கார்த்தி

அக்கா, முடிவு பண்ணிட்டோம். 12லேர்ந்து 15 வரைக்கும் பலேர்மோ, அப்புறம் கத்தானியா. நண்பனுக்கு பிளாயா கரைல ஒரு சனிக்கிழமை. நானும் நண்பன் மனைவியும் செல்ட்ஸ் கடை வாசல்ல. கத்தானியாவுக்குத் தெற்கே இருக்கற சிராகூசா ஊர் ஒரு ராத்திரிக்குத் தகுமா?

எட்னா அடிவாரம்

தாராளமா. ஒர்த்தீஜான்னு பழைய ஊர் முழுக்கவே ஒரு குட்டித் தீவு. கதீட்ரல் சதுக்கம் ராத்திரி வெள்ளைக் கல்லுல பளபளன்னு இருக்கும், செருப்பைக் கழட்டிட்டு நடக்கலாம் போல. ஆட்டம் பாட்டமெல்லாம் கம்மி, நடந்துட்டு உக்கார்ந்து பேசற ஊர். கிரேக்க அரங்கத்துல மே மாசத்துலேர்ந்து பழைய கிரேக்க நாடகங்கள் போடுவாங்க, பொழுது சாயற நேரத்துல ஆரம்பிக்கும். 1914ல தொடங்கின வழக்கம். உங்க தேதிக்கு இருக்கான்னு பார்த்துச் சீட்டு எடுங்க. கல் படிக்கட்டு, உக்கார ஏதாவது மெத்தை கொண்டு போங்க.

யாழ்த் தென்றல்

ஒரு திருத்தம் தம்பி. 15ஆம் தேதி பலேர்மோவில ஊர் விடுமுறை. கனக்கக் கடை பூட்டியிருக்கும். பின்னேரம் ரொசாலியாவின்ர எலும்புகள் உள்ள வெள்ளிப் பேழையை ஊர்வலமாக் கொண்டு வருவினம், அதைப் பாத்திட்டு 16 விடிய பஸ்ஸெடுங்கோ. 14 இரவுக்கு அறையை இப்பவே பதிஞ்சு வையுங்கோ, பிறகு கிடைக்காது. தேர் போற வழியில எடுக்காதேங்கோ, சாமம் கழியும்வரை உள்ள போகவும் ஏலாது, வெளியில வரவும் ஏலாது. பொலித்தேயாமா சதுக்கப் பக்கம் பாருங்கோ, அங்க இருந்து நடந்தே வரலாம்.